சீனிச்சம்பலில் கை வைக்காத முதலாளி

ஸும்றாவுக்குத் தேவைப்பட்டது வெங்காயம் உரிக்க ஓர் ஆள். அந்த ஆள் அவளிடம் ஏற்கெனவே இருந்தாள். இவ்வளவு தொல்லையும் அதனால்தான் வந்தது.

தெஹியோவிட்ட டவுனிலிருந்து மேலே ஏறும் பாதையில், றப்பர் மரங்கள் முடிந்து வீடுகள் தொடங்கும் வளைவில் இருந்தது ஸும்றாவின் வீடு. பின்பக்கக் குசினியில் அவள் வெங்காயத்தில் சீனிச்சம்பல் கிளறிப் போத்தலில் அடைப்பாள். கணவன் ஆதிப் அதைத் தன் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போய் அவிசாவளை வரைக்கும் உள்ள பேக்கரிகளுக்கும் கடைகளுக்கும் கொடுத்து வருவான். அந்த ரோட்டில் காலையில் பணிஸைப் பிய்த்து, உள்ளே இனிப்பும் உறைப்பும் மாசிக் கருவாடும் சேர்ந்த சம்பலைக் கண்டு ஒரு நிமிடம் பஸ்ஸை மறந்தவர்கள் எல்லாம் ஸும்றாவின் கைப்பக்குவத்தைத்தான் சாப்பிட்டார்கள். யாருக்கும் அவள் பெயர் தெரியாது. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

வெங்காயம் உரிக்கவும் அரியவும், பெரிய சட்டியைக் கிளறவும் விஜயகலா வருவாள். விஜயகலா பக்கத்து றப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், கடைசி அறையான தொங்கல் காம்பராவில் தாயோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தாள். மழை பெய்தால் றப்பர் மரம் நனைந்துவிடும். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் தோட்டத்து வரவுப் பதிவில் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் அவள் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, ஸும்றாவின் குசினி வாசலில் வந்து நிற்பாள். அந்தப் பக்கத்தில் மழைக்குக் குறைவில்லை. ஸும்றாவுக்கும் கட்டுப்படியானது, விஜயகலாவுக்கும் அடுப்பு எரிந்தது. இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்யவில்லை. தானாக அமைந்தது, அதனால் நன்றாக நடந்தது.

அப்போதுதான் ஸும்றா மூன்றாவது முறையாகப் பிள்ளை உண்டானாள். முதல் இரண்டும் தங்கவில்லை. கிளினிக்கில் டொக்டர் அவளைப் பார்த்து, அடுப்படியில் நிற்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, முடிந்தவரை இடது பக்கமாகச் சரிந்து படுத்திருக்க வேண்டும் என்றார். இந்தப் பிள்ளையும் போனால் அடுத்ததைப் பற்றிப் பேச முடியாது என்பதையும் சொன்னார். திரும்பி வரும்போது ஆதிப் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நிறுத்தி நிறுத்தி, ஒரு முட்டையை ஏற்றிச் செல்கிறவனைப் போல ஓட்டினான்.

விஜயகலாவுக்கு விஷயம் தெரிந்தது. "மழ நாளுன்னா வழக்கம்போல வந்துர்றேன். வெயிலு நாள்லயும் மத்தியானம் பால நிறுத்துக் குடுத்துட்டு நேரா இங்கதான்க்கா. நீங்க படுத்துக்கிட்டே சொல்லுங்க, நான் செய்றேன்" என்றாள்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆதிப்புக்கு மனைவி மேல் உயிர். சும்மா இருக்க முடியாத அளவுக்கு உயிர்.

டவுனில் ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் புதிதாக ஒரு பெயர்ப்பலகை முளைத்திருந்தது: சிறுதொழில் பொறுப்புப் பகிர்வு ஊக்குவிப்பு நிலையம். 'எல்லா வேலையையும் நீங்களே செய்கிறீர்களா? கவலையை எங்களிடம் கொடுங்கள்' என்று அதில் எழுதியிருந்தது. சிறு முதலாளிகள் வேலையாள் வைத்தால் சம்பளத்தில் பாதியை நிலையமே கொடுக்கும் என்று ஆதிப் கேள்விப்பட்டான். பாதிச் சம்பளம் அங்கிருந்து வந்தால், விஜயகலாவை ஒவ்வொரு நாளும் முழு நாளும் வைத்துக்கொள்ளலாம். ஸும்றா கட்டிலை விட்டு இறங்கவே தேவையில்லை. அவன் கணக்கில் பிழை எதுவும் இல்லை. நிலையத்தை மட்டும் அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துச் செங்குத்தான படிகளில் ஏற்றிக்கொண்டு போனான். விண்ணப்பதாரி நேரில் வர வேண்டும் என்பது விதி. ஓய்வில் இருக்க வேண்டியவர்களுக்கு உதவும் நிலையம் ஏன் மாடியில் இருக்கிறது என்பதற்கு விதி எதுவும் இல்லை.

நிலையத்தில் பொறுப்புகள் முழுமையாகப் பகிரப்பட்டிருந்தன. விண்ணப்பங்களைப் பார்ப்பது பணிப்பாளரின் வேலை. அவர் அதைப் பிரதிப் பணிப்பாளரிடம் கொடுத்திருந்தார். அவர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும், அவர் அப்லால் என்ற இளம் கள உத்தியோகத்தரிடமும் ஒப்படைத்திருந்தார்கள். அப்லால் அதை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் விட்டிருந்தார். அந்த மனிதர் ஸும்றாவின் பெயரை எழுதிக்கொண்டே, தான் தெரணியகலையில் சலூன் வைத்திருப்பவர் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். முடி வெட்ட ஓர் உதவியாள் கேட்டு வந்தாராம். பொறுப்புப் பகிர்வு என்றால் என்னவென்று முதலில் அனுபவத்தில் அறிய வேண்டும் என்று அவரை இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் செய்முறைப் பயிற்சி. உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பெண், பிட்டு அவித்து விற்பதற்கு உதவி கேட்டு வந்தவள். ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தவர் த்ரீவீல் சீட் தைப்பவர்.

சலூன் திறந்திருக்கிறதா என்று ஆதிப் கேட்டான். இல்லை, பயிற்சி முடியட்டும் என்றார் அவர். நம்பிக்கையோடுதான் சொன்னார்.

பிறகு அவர்களைப் பணிப்பாளரின் அறைக்குள் அழைத்துப் போனார்கள். இரத்தினபுரியிலிருந்து வரும் அந்தப் பெரிய மனிதர் சிங்களத்தில் பேசினார். ஸும்றாவும் நல்ல சிங்களத்தில் பதில் சொன்னாள். ஆனாலும் மொழிபெயர்க்கும் பொறுப்பு அப்லாலுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்ததால், அவர் பணிப்பாளரின் சிங்களத்தை ஸும்றாவுக்குத் தமிழிலும், ஸும்றாவின் சிங்களத்தைப் பணிப்பாளருக்கு வேறு சிங்களத்திலும் சொன்னார்.

பணிப்பாளர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். இந்தப் பதவிக்கு வந்த நாளிலிருந்து தான் ஒரு கடிதத்தைக்கூட எழுதியதில்லை, படித்ததும் இல்லை என்றார். முடிவுகளையும் தான் எடுப்பதில்லை. எடுக்கப்பட்டுவிட்டன என்று கேட்டு மகிழ்வதே ஒரு தலைவனின் வேலை. நம் நாட்டுச் சிறுதொழில்கள் வளராததற்குக் காரணம், முதலாளிமார் வேலை செய்வதுதான். வேலை செய்கிற முதலாளியைப் பார்க்கும்போது தனக்கு நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி, நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"உங்கள் தொழிலில் உங்களால் மட்டுமே செய்யக்கூடியது எது?" என்று கேட்டார்.

ஸும்றா யோசித்துப் பார்த்து, ருசி பார்ப்பது என்றாள். உப்பும் புளியும் சீனியும் ஒன்றுக்கொன்று சரியாக நிற்கும் இடம் அவள் நாக்குக்குத்தான் தெரியும்.

"அதைத்தான் முதலில் விட வேண்டும்" என்றார் பணிப்பாளர். "இறுக்கிப் பிடித்திருப்பதை விடுவதுதான் பகிர்வு. இன்றிலிருந்து நீங்கள் உங்கள் சம்பலை ருசி பார்க்கக் கூடாது."

வெங்காயம் உரிக்கிற வேலையைத்தான் கொடுக்க வந்தோம் என்று ஆதிப் சொல்ல முயன்றான். வெங்காயம் சிறிய விஷயம், அது மூன்றாம் கட்டத்தில் வரும் என்றார்கள். ருசி பார்க்கும் பொறுப்பு விஜயகலாவின் பெயருக்கு எழுதப்பட்டது. விஜயகலா வெள்ளிக்கிழமை விரதம், மாசி போட்ட எதையும் வாயில் வைக்க மாட்டாள் என்று ஸும்றா சொன்னாள். அப்லால் அதையும் குறித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைகளுக்கு ஒரு பதில் ருசியாளர் தேவை என்று கண்டுபிடித்தார். வேறு பொருத்தமான ஆள் கிடைக்காததால் அந்தச் சுமையைத் தானே ஏற்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அவர் வந்து, தர மதிப்பீட்டுக்கென்று போத்தலோடு வீட்டுக்கு எடுத்துப் போனார். மதிப்பீட்டில் அவருடைய குடும்பமும் உதவியது.

கஷ்டம் எல்லாம் விஜயகலாவின் வேலை நாட்களைக் குறிக்கும்போதுதான் வந்தது.

"அவங்க எந்தெந்த நாள் வாராங்க ராத்தா?" என்று அப்லால் கேட்டார்.

"மழ பெய்யிற நாளெல்லாம் வருவா."

"அது நாள் இல்லியே. நாளுண்டா திங்கள், செவ்வாய், அப்பிடி."

"திங்கக்கெழம மழ பேஞ்சா திங்கக்கெழம வருவா, தம்பி."

அப்லால் மிகவும் பொறுமையானவர். மழையை ஒரு பதவியில் அமர்த்த முடியாது, அதற்கு அறிவுறுத்தல் கொடுக்க முடியாது, அது தவறு செய்தால் விளக்கம் கேட்க முடியாது என்று எடுத்துச் சொன்னார். பிறகு, தான் மேற்பார்வைக்கு வர வசதியான நாட்கள் என்பதால், திங்களும் வியாழனும் என்று எழுதினார். முதல் கட்டம் இந்த இரண்டு நாள். ஒழுங்காகக் கடைப்பிடித்தால் எல்லா நாட்களும், பாதிச் சம்பளமும். ஆதிப் ஸும்றாவைப் பார்த்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நிலையம் ஒரு வேலையை மட்டும் தாமதமில்லாமல் செய்தது. விஜயகலா ஸும்றாவிடம் வேலை செய்வதைத் தோட்டத்துக்கு எழுத்தில் அறிவித்தது. அதுவரை அது தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரியாது. கங்காணிக்குத் தெரியும், தெரியாதவர் மாதிரி இருக்கவும் அவருக்குத் தெரியும். கடிதம் மேசைக்கு வந்த பிறகு துரையும் சும்மா இருக்க முடியாது. அவர் பதில் எழுதினார்: திங்களும் வியாழனும் விஜயகலா விடுவிக்கப்படுகிறாள், மழையோ வெயிலோ அந்த நாட்களில் அவளுக்குப் பேர் கிடையாது. மற்ற நாட்களில், வெட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவள் தோட்டத்து ஆள். வெளியே வேலை செய்வதாகத் தெரிந்தால் பேர் வெட்டப்படும்.

"பேர வெட்டுனா காம்பராவயும் கேப்பாங்கக்கா" என்றாள் விஜயகலா. அழவில்லை. "எங்கம்மாவ தூக்கிக்கிட்டு நான் எந்த ரோட்டுல நிக்கிறது?"

வானம் நிலையத்தின் அட்டவணையைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமைகளில் நல்ல வெயில் அடித்தது. வியாழக்கிழமைகளிலும் அடித்தது. அந்த நாட்களில் மரம் எல்லாம் பாலைச் சொட்டிக்கொண்டிருக்க, விஜயகலா பேரை இழந்து ஸும்றாவின் வீட்டுக்கு வந்தாள். மற்ற நாட்களில் கொட்டியது. அந்த நாட்களில் அவளுக்குத் தோட்டத்திலும் வேலையில்லை, குசினிக்குள்ளும் அனுமதியில்லை. பாதிச் சம்பளம், மதிப்பீடு முடிந்த பிறகு வரும் என்றார்கள். வாரத்தில் இரண்டு நாள் போக மீதி வெங்காயம் முழுவதும், டொக்டர் படுக்கச் சொன்ன பெண்ணின் மடியில் வந்து விழுந்தது.

ஆதிப் ஒரு தடவை தானே கிளறிப் பார்த்தான். சம்பல் அடிப்பிடித்து, வீதி வரைக்கும் வாடை போனது. அந்தச் சட்டியை இருவரும் சேர்ந்து சுரண்டியபோது அவன், "நான் ஒனக்கு நல்லதுதானே நெனச்சேன் ஸும்றா" என்றான். அவள் அவன் முழங்கையில் ஒட்டியிருந்த கருகலைத் துடைத்துவிட்டாள். அவன் வண்டியில் போகாவிட்டால் போத்தல்களும் போகாது. போத்தல்கள் போகாவிட்டால் கிளினிக்குக்கும் மருந்துக்கும் வழியில்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

ஒரு சனிக்கிழமை விடிந்ததிலிருந்து ஊற்றியது. பேக்கரிக்காரர்கள் பெருநாளுக்கு முன் கூடுதலாகக் கேட்டிருந்தார்கள். பழக்கத்தில் விஜயகலா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்; வந்து, குசினிப் படியில் உட்கார்ந்தாள். பின்னாலேயே குடையோடு அப்லால் வந்தார். கண்காணிப்பு முன்னறிவிப்பில்லாமல் நடப்பதே முறை. அவர் ஒரு நாற்காலியை எடுத்து, அடுப்புக்கும் படிக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

ஸும்றா வெங்காயம் உரித்தாள். விஜயகலா மடியில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"சார், பாக்கிறதுக்காச்சும் எனக்கு அனுமதி இருக்குதுங்களா?" என்று கேட்டாள் விஜயகலா.

அப்லால் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. விதிகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். "பாக்கலாம். ஆனா மேற்பார்வ பண்ற மாதிரி ஈக்கப்படாது."

வெங்காயக் காரம் ஏற ஏற அப்லாலின் கண்கள் சிவந்து வழிந்தன. அவர் லேன்சியால் துடைத்துத் துடைத்து அறிக்கை எழுதினார். பிற்பாடு ஆதிப் அதை நிலையத்தில் பார்த்தான். 'பயனாளி நிலையத்தின் சேவையை நினைத்துக் கண்ணீர் மல்கினார். பணியாளரும் கண்ணீர் மல்கினார். மேற்பார்வை உத்தியோகத்தராலும் கட்டுப்படுத்த முடியவில்லை.' இந்த அறிக்கையைப் படித்துத்தான் ஸும்றாவை முன்மாதிரிப் பயனாளியாகத் தெரிந்தெடுத்தார்கள்.

உரித்துக்கொண்டிருந்தவள் நடுவில் எழுந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்து, மறு கையை வயிற்றின் கீழே வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். விஜயகலா எழுந்துவிட்டாள்.

"ஒக்காருங்க" என்றார் அப்லால், மிகவும் கனிவாக. "ஒங்கட நல்லதுக்குத்தான் சொல்றன். தோட்டத்துக் கடிதம் என்ட ஃபைல்ல ஈக்கு."

விஜயகலா உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் ஸும்றாவின் முகத்தைப் பார்க்கவில்லை, மழையைப் பார்த்தாள்.

ஆதிப் இந்த ஏற்பாட்டிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று நிலையத்துக்கு ஓடினான். விலகல்களைக் கவனிக்கும் உத்தியோகத்தர் பதவி வெற்றிடமாக இருந்தது. நிலையம் விலக்கினால் ஒழியத் தோட்டத்துக் கடிதமும் அப்படியே நிற்கும். அடிக்கடி வருகிறாரே என்று அவனையும் செய்முறைப் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்கள். அவன் உறைகளுக்குப் பசை தடவினான். பணிப்பாளரின் மாம்பழக் கூடையைப் பஸ் வரை கொண்டு போய்ச் சேர்த்தான். அடுத்த மேசையில் சலூன்காரர், கை மறந்துவிடாமலிருக்கப் பேப்பர் வெட்டும் கத்தரிக்கோலைக் காற்றில் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அந்த மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை, டவுன் மண்டபத்தில், 'தானே செய்யாதிருத்தல்' என்ற தலைப்பில் முழுநாள் செயலமர்வு என்று அறிவித்தார்கள். முன்மாதிரிப் பயனாளிக்குச் சான்றிதழ் உண்டு. அன்றைக்கே அனுமதிகளும் வழங்கப்படும். பகல் சாப்பாட்டுக்குப் பாணும் பருப்பும் நிலையம் பார்த்துக்கொள்ளும். வருகிறவர்கள் எல்லாருக்கும் சீனிச்சம்பல் மட்டும் ஸும்றா நல்லெண்ண அடிப்படையில் தர வேண்டும். இது ஒரு கௌரவம் என்று அப்லால் சொன்னார். செய்யாவிட்டால் என்னவாகும் என்று ஆதிப் கேட்டான். கௌரவத்தை யாரும் மறுத்ததில்லை, அதனால் தனக்குத் தெரியாது என்றார்.

செவ்வாய்க்கிழமை பளிச்சென்று வெயில். விஜயகலா மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். ஆதிப்பை மண்டபத்துக்கு நாற்காலி ஏற்ற அழைத்துக்கொண்டார்கள். ஸும்றா பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றினாள். நாளைக்கு இது முடிந்தால் நாளை மறுநாளிலிருந்து படுத்துவிடலாம் என்று வயிற்றுக்குள் இருந்ததற்குச் சொல்லிக்கொண்டே கிளறினாள். ருசி பார்க்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்ததால் பார்க்கவில்லை. சம்பல் இறுகத் தொடங்கும் நேரத்தில் இடுப்பைச் சுற்றி ஒரு வலி வந்து, போகாமல் நின்றது. கீழே பார்த்தாள். கால் வழியே இரத்தம் இறங்கியிருந்தது.

அவள் அகப்பையை விடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அந்த வழியாகத்தான் விஜயகலா பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வாளியோடு லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். கருகும் வாடை அவளை வேலியோரம் நிறுத்தியது. ஸும்றா அக்காவின் அடுப்பில் அப்படி ஒரு வாடை வராது. அவள் வாளியை வீதியிலேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். அன்றைக்கு என்ன கிழமை என்று பார்க்கவில்லை. அடுப்பை அணைத்தாள், ஸும்றாவின் தலையை மடியில் வாங்கினாள், கத்திக் கூப்பிட்டு வீதியில் போன ஒரு த்ரீவீலை நிறுத்தினாள். றப்பர் பால் காய்ந்து பொருக்கு விட்ட உடுப்போடு, அவிசாவளை ஆஸ்பத்திரி வரைக்கும் அவளை இடது பக்கமாகச் சரித்துப் பிடித்துக்கொண்டே போனாள். ஸும்றா வழியெல்லாம் ஒன்றையே சொன்னாள், "இதையும் குடுத்திரப்படாது விஜயகலா." விஜயகலா, "ஒண்ணும் ஆவாதுக்கா, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் ஆதிப் சம்பல் வராது என்று சொல்லத்தான் மண்டபத்துக்குப் போனான். சொல்வதற்குள் அவனைக் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினார்கள். பணிப்பாளர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தச் சகோதரி இன்று வரவில்லை" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ஏன் வரவில்லை? தன் சான்றிதழைத் தானே வந்து வாங்கும் பழைய பழக்கத்தை அவர் கைவிட்டுவிட்டார். கணவரை அனுப்பியிருக்கிறார். நான் இந்த நிலையத்தை நடத்துகிறேன் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை. இந்த உரையைக்கூட நான் எழுதவில்லை, இப்போதுதான் பார்க்கிறேன். நன்றாக இருக்கிறது."

ஒலிவாங்கியை ஆதிப்பிடம் கொடுத்தார்கள். அவன் தமிழில், "அவ ஆஸ்பத்திரில ஈக்கா. ரத்தம் போயிட்டு. புள்ள தங்குமா இல்லியாண்டு இன்னும் சொல்லல்ல" என்றான்.

அப்லால் அதைச் சிங்களத்தில் சொன்னார்: பயனாளி தற்போது பூரண ஓய்வில் இருக்கிறார், அரசாங்க வைத்தியர்களே அவரைப் பொறுப்பேற்றிருக்கிறார்கள்.

முன்வரிசை கைதட்டியது. பின்வரிசையில் இருந்தவர்களுக்கு இரண்டு மொழியும் தெரியும். அவர்கள் தட்டவில்லை. பிட்டு விற்கும் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. பாண் வந்திருந்தது, வெட்டப்படாமல். பருப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பலருக்குப் பகிரப்பட்டிருந்ததால் பருப்பு வரவில்லை. சம்பல் எங்கே என்று பணிப்பாளர் பிரதிப் பணிப்பாளரைக் கேட்டார். அவர் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேட்டார். அவர் அப்லாலைக் கேட்டார். அப்லால் மேடையில் சான்றிதழோடு நின்ற ஆதிப்பைத் திரும்பிப் பார்த்தார். ஆதிப் சான்றிதழை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கி நடந்தான். சலூன்காரரும் பின்னாலேயே வந்து, தன்னைத் தெரணியகலை பஸ் பிடிக்கும் இடத்தில் இறக்கிவிட முடியுமா என்று கேட்டார். பின்னேரத்துக்குள் கடையைத் திறந்துவிட வேண்டும் என்றார். வண்டியில் அவர் ஆதிப்பின் தோளில் கை வைத்திருந்தார். இறங்கும் வரை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரத்தம் நின்றிருந்தது. பிள்ளையின் இதயத் துடிப்பு கேட்கிறது என்று டொக்டர் சொன்னார். இனி நாள் வரும்வரை வார்டை விட்டு அசையக் கூடாது. அசையாவிட்டால் தங்குமா என்று ஆதிப் கேட்டான். அசைந்தால் தங்காது என்பதை மட்டும் தன்னால் சொல்ல முடியும் என்றார் அவர். ஆதிப் வெளியே போய், வராந்தாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

விஜயகலா விடிந்ததிலிருந்து அங்கேதான் இருந்தாள். அன்றைக்கும் வெயில், மலையில் அவள் மரங்களை யாரும் வெட்டவில்லை. யாராவது கேட்டால் தங்கச்சி என்று சொல்லச் சொல்லியிருந்தாள் ஸும்றா. நெற்றிப் பொட்டைப் பார்த்த நர்ஸ் ஒன்றும் கேட்கவில்லை.

பார்வையாளர் நேரத்தில் அப்லால் ஃபைலோடு வந்தார். பசித்த முகம், ஆனாலும் மகிழ்ச்சியாக இருந்தார். கட்டிலருகே நின்று விளக்கினார். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து எல்லா நிபந்தனைகளையும் பூர்த்தி செய்த முதல் பயனாளி ஸும்றாதான். இப்போது அவள் ஒரு வேலையும் செய்யவில்லை. இனிச் செய்யப் போவதும் இல்லை என்று வைத்தியரே எழுதியிருக்கிறார். எனவே பாதிச் சம்பளம் அனுமதிக்கப்பட்டுவிட்டது. நாளையிலிருந்து விஜயகலா எல்லா நாளும், முழு நாளும் வரலாம். தோட்டத்தில் அவள் பேரை நிரந்தரமாக நீக்கும்படி துரைக்குக் கடிதம் தயார். ஒரேயொரு கையெழுத்து மட்டும்.

குசினி பூட்டியிருக்கிறது, கிளற ஆளில்லாத சட்டிக்கு எதற்கு உதவியாள் என்று ஸும்றா கேட்கவில்லை. அவள் விஜயகலாவைப் பார்த்தாள். விஜயகலா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேர் போனால் காம்பரா. காம்பராவில் தாய், பிள்ளைகள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அவள் சொல்ல மாட்டாள் என்பது ஸும்றாவுக்குத் தெரியும்.

அப்லால் பேனாவைத் திறந்து நீட்டினார். "கொஞ்சம் எழும்பி ஒக்காருங்க, ராத்தா."

"எனக்கு எழும்ப ஏலா, தம்பி."

"சரி, படுத்துக்கிட்டே போடுங்க. ஒரு கையெழுத்துத்தானே."

"ஒண்டும் செய்ய வாணாம்னு டொக்டர் சொல்லீக்கு" என்றாள் ஸும்றா. "அதும் வேலதானே."

யார் எதைக் கேட்டாலும் மறுத்துப் பழக்கமில்லாத அந்தப் பெண், கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கி மெதுவாக, டொக்டர் சொன்னபடி இடது பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். விஜயகலா போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டாள்.

அப்லால் பேனாவை விஜயகலாவின் பக்கம் திருப்பினார். பணியாளரின் கையெழுத்து முதலில் இருந்தால்கூடப் பரவாயில்லை, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"இன்னைக்கிப் பொதங்கெழமைங்க சார்" என்றாள் விஜயகலா. "என்னோட நாளு இல்லியே."

அவர் நர்ஸைத் தேடினார். நர்ஸ் தட்டோடு கடந்து போனாள். வராந்தாவில் நின்ற ஆதிப் திரும்பவில்லை. அப்லால் திறந்த பேனாவோடு, யாரிடமாவது கொடுத்துவிட முடியுமா என்று அந்த நீண்ட அறையை ஒருமுறை பார்த்தார். கட்டில்களில் எல்லாரும் படுத்திருந்தார்கள்.